ஹெபடைடிஸ் பி: டெல்டாவுக்குத் தேவை ஒரு நெடுநாள் பதிவேடு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று தேடிப் போய்ப் பார்த்துக்கொள்பவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு அது வேறொரு காரியத்துக்காகப் போன இடத்தில்தான் தெரியவருகிறது. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதப் பரிசோதனையில் தெரிகிறது. ரத்ததானம் செய்தவருக்குச் சில நாள் கழித்துத் தகவல் வருகிறது. வளைகுடா வேலைக்காக ஏஜென்டிடம் கடன் வாங்கிப் பணம் கட்டிய இளைஞருக்கு விசா மருத்துவப் பரிசோதனையில் ‘தகுதியில்லை’ என்று தாள் வருகிறது. உடம்பில் வலி இல்லை; கண் மஞ்சளாகவில்லை; பசி குறையவில்லை. இப்படி அதிர்ந்து நிற்பவருக்கு ஊரில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ‘ஒன்றும் பயமில்லை, கிருமி சும்மா தங்கியிருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள்’ என்பது ஒன்று. ‘ஒரு மண்டலம் பத்தியத்தோடு மருந்து சாப்பிட்டால் கிருமி போய்விடும்’ என்பது மற்றொன்று. நோயாளிக்கு இரண்டுமே ஆறுதல் தரும். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நோயைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவை இரண்டையுமே ஏற்கவில்லை. நாள்பட்ட ஈரல் தொற்றின் போக்கை வைரஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை. நோய் எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைப் புரதங்களும், அந்தப் புரதங்களின் அளவையும் வேகத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றும் மரபணு வேறுபாடுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்தச் சமிக்ஞைகள் ஒருவர் வாழ்நாளிலேயே பத்தாண்டுக்கு ஒரு விதமாக மாறுகின்றன. ஆகவே ஒரே ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து ஆயுளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி உள்ள ஒவ்வொருவரையும் ஆயுள் முழுவதும் பின்தொடரும் ஒரு பதிவேடு காவிரி டெல்டாவுக்குத் தேவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நோயின் அளவை முதலில் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடனும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடனும் வாழ்ந்தார்கள். உலகின் மொத்தச் சுமையில் இது 11 சதவீதத்துக்கும் மேல். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு ஈரல் சுருக்கமோ ஈரல் புற்றுநோயோ வரும் என்பது அந்த நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இதைக் கேட்டு அஞ்சுபவர்கள் உண்டு. மீதி 70 சதவீதம் பேருக்கு வராதே என்று தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 70-ல் யார், அந்த 30-ல் யார்? ஒரே தாயின் வயிற்றில் பிறந்து, ஒரே வைரஸை அதே தாயிடமிருந்து பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு நாற்பது வயதில் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ள, மற்றவர் எழுபது வயது வரை நடவும் அறுப்புமாக இருப்பது எப்படி?

இதற்குப் பதில் ஈரல் செல்லுக்குள் நடப்பதில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தான் குடியேறிய செல்லைத் தானாகக் கொல்வதில்லை. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி ஏறியிருக்கிறது என்றால், பெரும்பாலும் அது வைரஸின் கைவரிசை அல்ல. தொற்றிய செல்களை அடையாளம் கண்டு நம் உடலின் நோய் எதிர்ப்பு செல்களான டி-செல்கள் தாக்கியதன் தடம் அது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தில் ஃபிரான்சிஸ் சிசாரியும் லூகா குய்டோட்டியும் 1990-களில் எலிகளில் நடத்திய ஆய்வுகள் இதில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தன. டி-செல்கள் செல்லைக் கொல்லாமலேயே வைரஸை வெளியேற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு அவை பயன்படுத்தியவை காமா இன்டர்ஃபெரான், கட்டிச் சிதைவுக் காரணி ஆல்ஃபா என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்கள். இவை ஈரல் செல்லின் மேல் வந்து ஒட்டியதும், செல் தன் உள் இயக்கத்தை மாற்றிக்கொண்டு வைரஸின் நகலெடுப்பை முடக்கிவிடுகிறது. அதே புரதங்கள் அளவு மீறினால் அழற்சியாகி ஈரலைப் புண்ணாக்குகின்றன. அழற்சியைத் தணிக்க இன்டர்லூக்கின்-10 போன்ற புரதங்கள் வருகின்றன. அவை அதிகமானால் தாக்குதல் தளர்ந்து வைரஸ் நிம்மதியாகத் தங்கிவிடுகிறது. புண்ணை ஆற்ற வரும் டி.ஜி.எஃப். பீட்டா நார்த்திசுவை வளர்க்கிறது. ஆண்டுக்கணக்கில் அது வேலை செய்தால் ஈரல் தழும்பேறிச் சுருங்குகிறது. எந்தப் புரதத்தையும் நல்லது, கெட்டது என்று ஒதுக்க முடியாது. எது, எப்போது, எவ்வளவு நாள் சுரந்தது என்பதில்தான் ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது இருக்கிறது.

மரபணுவுக்குப் போகும் முன் வயதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் வயதின் பங்கு மிகப் பெரியது. பிறக்கும்போதோ முதல் ஆண்டிலோ தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட தொற்றாகிறது. ஆரோக்கியமான பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படி ஆகிறது. வைரஸ் ஒன்றுதான், எதிர்கொள்ளும் உடலின் பக்குவம்தான் வேறு. குழந்தைப் பருவத்தில் தங்கிய வைரஸை உடல் பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் ஓடும், எஸ்.ஜி.பி.டி. மட்டும் இயல்பாக இருக்கும். பிறகு இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. சிலருக்கு அந்த விழிப்பு குறுகிய காலத்தில் வைரஸை ஒடுக்கி ஓய்கிறது. சிலருக்கு அது ஒடுக்கவும் முடியாமல், ஓயவும் முடியாமல் அடங்குவதும் கிளம்புவதுமாக நீள்கிறது. ஈரல் சுருக்கம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரிடம் வருகிறது. இருபத்தைந்து வயதில் விசா பரிசோதனையில் பிடிபட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர் முப்பத்தைந்து வயதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் திரும்பப் பார்க்கவில்லையே.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே மரபு வேறுபாட்டைத் தேடிய பயணத்தில்தான். அமெரிக்க மருத்துவர் பருச் புளும்பெர்க் 1960-களில் மக்களினங்களுக்கு இடையே ரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலருக்கு ஏன் சில நோய்கள் எளிதில் வருகின்றன என்பதே அவருடைய அடிப்படைக் கேள்வி. பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் ரத்தநீர், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் ரத்தத்திலிருந்த ஏதோ ஒரு புரதத்தோடு வினைபுரிந்தது. பரம்பரைப் புரதம் என்று முதலில் எண்ணப்பட்ட அந்த ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ உண்மையில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று பார்க்கிறார்களே, அது இதுதான். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் கிடைத்த பரபரப்பில் அவர் தொடங்கிய மூலக் கேள்வி பின்னுக்குப் போனது. யாருக்கு ஏன் என்ற அந்தக் கேள்விக்கு வலுவான விடைகள் வர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

அந்த விடை முதலில் வந்தது ஹெபடைடிஸ் சி பக்கத்திலிருந்து. அப்போது சி-க்குத் தரப்பட்ட சிகிச்சை, இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். வாரந்தோறும் ஊசி, கூடவே காய்ச்சல், உடல்வலி, சோர்வு. ஓராண்டு வரை நீளும் துன்பம். அவ்வளவும் பட்ட பிறகும் பலருக்குப் பயன் கிடைக்காது. 2009-ல் மரபணுத் தொகுப்பு முழுவதையும் சலித்த ஆய்வுகள், 19-ஆம் குரோமோசோமில் ஐ.எல்.28பி என்ற மரபணுவுக்கு அருகில் டி.என்.ஏ.வின் ஒரே ஒரு எழுத்து மாற்றத்தைச் சுட்டிக்காட்டின. அந்த இடத்தில் சாதகமான எழுத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குச் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்தே இல்லாமல் வைரஸைத் தானாக வெல்வதிலும் அவர்களே முன்னிலையில் இருந்தார்கள். அந்த மரபணு உருவாக்குவது லாம்டா இன்டர்ஃபெரான் வகையைச் சேர்ந்த ஒரு சமிக்ஞைப் புரதம். 2013-ல் அதே இடத்தில் மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. லாம்டா-4 என்ற இன்டர்ஃபெரானை உருவாக்கும் மரபணு சிலரிடம் வேலை செய்கிறது, சிலரிடம் உடைந்திருக்கிறது. உடைந்திருப்பவர்களே வைரஸை நன்றாக வெல்கிறார்கள். வைரஸை எதிர்க்கும் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம் இல்லாமல் இருப்பதே நன்மையாக முடிகிறது. அது இருப்பவர்களின் ஈரலில் எதிர்ப்பு மரபணுக்கள் எப்போதும் ஓரளவு முடுக்கப்பட்டே கிடக்கின்றன. அதனால் வெளியிலிருந்து ஊசியில் தரும் இன்டர்ஃபெரானுக்கு அந்த ஈரல் புதிதாக அசைவதில்லை. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விளம்பரத்தோடு விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் இந்த ஒரு உண்மையை வைத்தே எடைபோடலாம். கூட்டுவது எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று உயிரியல் சொல்லவில்லை.

டெல்டாவின் விவசாயிக்கு இந்தச் செய்தி அந்நியமானதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைந்து வயல் மூழ்கும்போது பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒரு ரகம் அழுகும், சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் நீர் வடிந்ததும் துளிர்க்கும். ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லிலிருந்து வந்த சப் 1 மரபணு, மூழ்கியதும் செடியை மூச்சுமுட்ட நீள விடாமல் வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமிக்கச் செய்கிறது. தண்ணீருக்கு மேலே எட்டிப்பிடிக்கப் போராடித் தீர்ந்துபோகும் பயிரைவிட, அளவாக அடங்கியிருக்கும் பயிர் பிழைக்கிறது. ஆனால் இந்த ரகம் இருக்கிறது என்று வடிகாலைத் தூர்வாராமல் விடுகிற விவசாயி எவரும் இல்லை. மனித உடலிலும் மரபணுவின் இடம் அவ்வளவே. தடுப்பூசியும் பரிசோதனையும் மாத்திரையும்தான் வடிகால். மரபணு அறிவு அவற்றுக்கு மாற்றாகாது. யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்று அது சொல்லக்கூடும். சொல்வதற்கு முன் நம் மக்களிடம் அது அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

அங்கேதான் குறை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-யைப் பொறுத்தவரை மிக உறுதியான மரபணுச் சான்று 2009-ல் ஜப்பானியர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டுத் தாய்லாந்து மக்களிடம் உறுதிசெய்யப்பட்டது. வைரஸின் துண்டுகளை டி-செல்களுக்குக் காட்டும் ஹெச்.எல்.ஏ.-டி.பி. மரபணுக்களின் வேறுபாட்டைப் பொறுத்து, தொற்று நாள்பட்டதாகும் வாய்ப்பு மாறுகிறது என்பது அந்த முடிவு. வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழையும் வாசலான என்.டி.சி.பி. என்ற புரதம் 2012-ல் பெய்ஜிங்கில் அடையாளம் காணப்பட்டது. அந்த வாசலைக் குறுக்கி ஓரளவு பாதுகாப்புத் தரும் ஒரு மரபணு மாற்றம் கிழக்காசியர்களிடம் காணப்படுகிறது. கட்டிச் சிதைவுக் காரணி, இன்டர்லூக்கின்-10, காமா இன்டர்ஃபெரான் ஆகியவற்றின் மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பல நாடுகளில் சிறுசிறு ஆய்வுகள் வந்தன. அவற்றின் முடிவுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒரு நாட்டில் ஆபத்து என்று சொல்லப்பட்ட எழுத்து வேறொரு நாட்டில் பாதுகாப்பாகத் தெரிகிறது. நூறு நோயாளி, நூறு நலமானவர் என்று ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்துச் செய்யும் ஆய்வில் இது தவிர்க்க முடியாதது. நாள்பட்ட தொற்றின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் ரத்தத்தில் அளந்த புரத அளவுக்குப் பொருளே இல்லை. இப்படிப்பட்ட இன்னொரு சிறு ஆய்வைத் தஞ்சாவூரிலும் செய்து ஒரு கட்டுரை வெளியிடுவதால் நோயாளிக்கு நன்மை எதுவும் கிடையாது. அதை நான் கேட்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஹெபடைடிஸ் சி கதையையே பாருங்கள். மரபணுவெல்லாம் கண்டுபிடித்த நான்கைந்து ஆண்டுகளில் சோஃபோஸ்புவிர் வந்துவிட்டது. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்தை ஒட்டியவர்கள் குணமாகிறார்கள். சாதகமான எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைரஸ் போய்விடுகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். பிறகு மரபணு எதற்கு? இந்த மறுப்பு சி-யைப் பொறுத்தவரை முழு உண்மை. இன்று சி நோயாளியிடம் ஐ.எல்.28பி பரிசோதனைக்குப் பணம் கேட்டால் அது வீண்செலவு. மருந்து போதுமான வலிமை பெறும்போது உடலின் வேறுபாடு முக்கியத்துவம் இழக்கிறது என்பது மருத்துவத்தின் பெரும் வெற்றி. ஆனால் ஹெபடைடிஸ் பி-க்கு அப்படியொரு மருந்து இன்னும் கிடைக்கவில்லை. சி வைரஸ் போலன்றி, பி வைரஸ் தன் டி.என்.ஏ.வை ஒரு வட்ட வளையமாக ஈரல் செல்லின் உட்கருவில் பதுக்கிவிடுகிறது. பி-க்குத் தரப்படும் டெனோஃபோவிர் மாத்திரை நகலெடுப்பை நிறுத்தும். அந்த வளையத்தைத் தொடாது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு வைரஸ் திரும்புகிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தையே ரத்தத்திலிருந்து மறையச் செய்யும் நிலையை நோக்கி இப்போது ஆராயப்படும் மருந்துகளில் பலவும், நோயாளியின் சொந்த எதிர்ப்பு மீண்டும் எழுவதை நம்பியே இருக்கின்றன. பி-யைப் பொறுத்தவரை உடலின் வேறுபாடு இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது.

அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. வரப்போரம் தானாக முளைக்கும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது காமாலைக்கு நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இதை முறைப்படி சோதிக்க முன்வந்தார்கள். கீழாநெல்லியைப் பற்றிய ஆய்வுகளில் புளும்பெர்க்கும் ஈடுபட்டிருந்தார். 1988-ல் ‘லான்செட்’ இதழில் வந்த சென்னைக் குழுவின் முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 200 மில்லிகிராம் பொடியை நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் சாப்பிட்ட 37 பேரில் 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து ஹெபடைடிஸ் பி மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. இயல்பாக அது மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்த வெற்றி திரும்பவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட பிற்கால மதிப்பாய்வுகளும், போலி மருந்தைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிவுக்கு வந்தன. ஏன் இந்த முரண்? செடியின் இனம் வேறு, விளைந்த மண் வேறு, அளவு வேறு என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. சேர்க்கப்பட்டவர்களில் அண்மையில் தொற்றியவர்கள் எத்தனை பேர், பிறந்தது முதல் தொற்றுடன் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் எழுந்தது. அண்மையில் தொற்றிய பெரியவருக்கு மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களில் வைரஸ் போய்விடும். தியாகராஜன் குழுவின் துணிவையோ நேர்மையையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாட்டு மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்த அந்த முயற்சி இன்றும் நாம் பெருமைப்படத்தக்கது. ஆனால் 60 பேர், சில மாதங்கள் என்ற அளவு இந்த நோய்க்குப் போதாது. தானாக ஏறி இறங்கும் ஒரு நோயில், யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், அவருடைய எதிர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் மருந்தைச் சோதித்தால், மருந்தின் பலனையும் உடலின் இயல்பையும் பிரிக்க முடியாது. ஊரில் ‘எனக்குக் கீழாநெல்லியில் காமாலை போய்விட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாக ஆறுவது. அந்த நல்ல அனுபவத்தை நம்பி நாள்பட்ட பி நோயாளி டெனோஃபோவிரை நிறுத்தும்போதுதான் ஆபத்து. நிறுத்திய பிறகு எழும் கடும் அழற்சி ஈரலையே செயலிழக்கச் செய்யக்கூடும்.

அயலில் பலித்தது இங்கே பலிக்காமல் போவதும் உண்டு. அதையும் தமிழ்நாடுதான் உலகுக்குக் காட்டியது. பிரிட்டனில் காசநோயை முக்கால்வாசிக்கும் மேல் தடுத்ததாக நிறுவப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி, செங்கல்பட்டுப் பகுதியில் 1968-ல் தொடங்கி 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. அந்த ஆய்வு நடந்திருக்காவிட்டால் பிரிட்டிஷ் எண்ணையே நமக்கும் உண்மை என்று நம்பிக்கொண்டிருப்போம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று நிரூபித்து உலகெங்கும் சானடோரியங்களைத் தேவையற்றதாக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பனின் குழு, ஹெச்.எல்.ஏ. மரபணு வகைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைத் தென்தமிழகத்து மக்களிடமே ஆராய்ந்தது. நெடுநாள் பின்தொடர்வதும், எதிர்ப்பு மரபணுவை மண்ணின் மக்களிடம் அளப்பதும் இங்கே புதிய ஆசைகள் அல்ல. காசநோய்க்குச் செய்ததை ஈரல் நோய்க்கும் செய்யுங்கள் என்பதே கோரிக்கை.

எப்படிச் செய்வது? டெல்டாவில் இதற்கான கட்டமைப்பு பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவு எண் உண்டு. தஞ்சை ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையிலிருந்து கிராம ஆரம்ப சுகாதார நிலையம் வரை அந்த எண் பின்தொடர்கிறது. ஹெபடைடிஸ் பி என்று தெரிந்த தாயின் பெயர் பிரசவத்தோடு மறைந்துபோகாமல், அவருக்கும் கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்து அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவர வேண்டும். ரத்த வங்கியிலும் விசா பரிசோதனையிலும் தெரியவந்தவர்கள் விரும்பினால் அதே பதிவேட்டுக்குள் வர ஒரு வாசல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.டி., ஆண்டுக்கு ஒருமுறையாவது வைரஸ் அளவு, தேவைப்படுவோருக்கு ஸ்கேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சிகிச்சை தொடங்கும் வரம்பை முன்பைவிடத் தளர்த்தியிருக்கிறது. தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதியின் அளவையும் வைத்தே தழும்பை மதிப்பிடும் எளிய கணக்கையும் அது ஏற்கிறது. இதற்கு வட்ட மருத்துவமனை ஆய்வகமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. டெனோஃபோவிரும் நாள்தோறும் சாப்பிட வேண்டிய மாத்திரைதான். அதே பையில் அதுவும் போகலாம். இவ்வளவும் சிகிச்சை. இதன் மேல், சம்மதிப்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் சிறிதளவு ரத்தத்தைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் குளிரில் பாதுகாத்து வைத்தால், பத்தாண்டில் அது பெரும் செல்வமாகும். எந்தப் புரதம் ஏறிய பிறகு யாருக்குத் தழும்பு வந்தது, எந்த எழுத்து உள்ளவர் தானாக வென்றார் என்று அப்போதுதான் நம் மக்களைப் பற்றிப் பேச முடியும்.

அடிப்படை வசதியே தட்டுப்பாடாக இருக்கும்போது மரபணு ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வரிசையை நான் மாற்றவில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி, தாய்க்குத் தொற்றிருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி, வைரஸ் மிகுந்த கர்ப்பிணிக்கு டெனோஃபோவிர் ஆகியவைதான் முதல் வேலை. தமிழ்நாட்டில் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2007-08-ல் விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இன்று இருபது வயதைத் தாண்டி, எதிர்ப்பு விழித்துக்கொள்ளும் பருவத்தில் நிற்கிறார்கள். அவர்களில் ஏற்கெனவே தொற்றுள்ளவர்களுக்குத் தடுப்பூசியால் இனிப் பயனில்லை. பின்தொடர்தல் மட்டுமே உதவும். பதிவேட்டின் செலவில் பெரும்பகுதி அந்தப் பின்தொடர்தலுக்கே போகும். மரபணு அளவீடு அதன் மேல் வரும் சிறு கூடுதல் மட்டுமே.

இன்னொரு அச்சம் ஆழமானது. அதை நான் மதிக்கிறேன். நம் சமூகத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தலைமுறைகளாகச் சாதிக்குள்ளேயே நடந்துவந்திருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் உறவுத் திருமணமும் உண்டு. ஆகவே மரபணு வேறுபாட்டை அளந்தால் அது இன்ன சாதிக்கு இன்ன நோய் என்ற பேச்சாக மாறிவிடாதா? ஹெபடைடிஸ் பி உள்ளவர் என்று தெரிந்தாலே தட்டை ஒதுக்கி வைக்கும் வீடுகள் இருக்கின்றனவே. இந்த அச்சத்துக்கு அளக்காமல் இருப்பது தீர்வாகாது. பதிவேட்டில் சாதி கேட்கக் கூடாது, தேவையும் இல்லை. மரபணுவே வேண்டிய தகவலைச் சொல்லிவிடும். பெயரும் ரத்தமும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு எண்ணில் இருக்க வேண்டும். வேலை தருபவரோ காப்பீட்டு நிறுவனமோ விசா முகவரோ எட்டாத சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஹெபடைடிஸ் பி சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. ரத்தம், உடலுறவு, தாய்-சேய் வழி, கிருமி நீக்காத ஊசி, பகிர்ந்த சவரக்கத்தி ஆகியவற்றால்தான் பரவுகிறது. பதிவேட்டை நடத்துபவர்கள் இதை ஊர்தோறும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது நல்ல அடித்தளம். அதில் யாருக்கு ஈரல் நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்ற வாழ்க்கை வரலாறு கிடையாது. அந்த வரலாற்றை எழுத மக்களோடு இருபது ஆண்டு நடக்கும் ஒரு மாவட்டம் வேண்டும்.

இதற்கான முடிவைத் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை எடுக்கலாம்; டெல்டாவின் நான்கு மாவட்டங்களில் ஒன்றில் தொடங்கினாலும் போதும். அரசு முடிவெடுக்கும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களிடமோ உங்கள் வீட்டிலோ எப்போதாவது ஹெபடைடிஸ் பி என்று ஒரு தாள் வந்து, அது பீரோவில் மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எஸ்.ஜி.பி.டி.யும் வைரஸ் அளவும் பாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். வீட்டில் உள்ள அனைவருக்கும் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். மாத்திரை எழுதித் தந்திருந்தால், யார் எந்த வேரைச் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.